பிரகாசி கதையை விட்ட கதை

1.

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் மாதா கோயில் வெளியிடும் மலருக்கு ஒறுத்தலைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ என்று விஜிதரன் மாஸ்டர் வந்து கேட்டார். (ஒறுத்தல் என்பது, தவக்காலம் முழுக்க, உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கா வரைக்கும், பிடித்தமான ஒன்றை ஆண்டவருக்காக விட்டிருப்பது. சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை. நான் ஒரு வருடம் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை விட்டேன். அந்த வருடம் என் குணத்தோடு மாரடித்து, வீட்டில் இருந்தவர்கள்தான் சிலுவை சுமந்தார்கள்.)

அழுகையும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னார். இரண்டையும் எடுத்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்பதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார்.

முதல் தொடக்கம்: முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சூரியன் தன் பொற்கதிர்களை...

வேண்டாம். கருவாடு காயப்போடுகிறவளுக்கு வெயில் என்றால் வெயில்தான், பொற்கதிர் இல்லை.

இரண்டாவது: பிரகாசி மிகவும் பக்தியுள்ள...

பக்தி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவளைப் பற்றி யாரும் முதலில் சொல்வது அதுவல்ல.

மூன்றாவது: பிரகாசிக்கு வாய் மூடாது.

இது சரி. இதிலிருந்து போகலாம்.

2.

பிரகாசிக்கு வாய் மூடாது. கருவாடு காயப்போடும் பரணடியில் நாலு பெண்கள் வேலை செய்தால், மூன்று பேர் மீனைப் பிரட்டுவார்கள், பிரகாசி மீனையும் பிரட்டிக்கொண்டு ஊரையும் பிரட்டுவாள். அவள் பேச்சில் வேலை கழிவது தெரியாது.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, செத்துப்போன தன் அப்பா ஒருமுறை ஆள் உயரக் கொடுவா மீன் பிடித்ததைச் சொன்னாள். அவள் தம்பியின் மனைவி சுகந்தினி, பூவரசங்குளத்துப் பெண், சிரித்துக்கொண்டே, "மச்சாள் கதை விடுறா" என்றாள். எங்கள் பக்கத்தில் கதை விடுவதென்றால் பொய் அளப்பது. சபையே சிரித்தது. (மீன் இடுப்பளவுதான் இருந்திருக்கும் என்று எனக்கும் ஒரு சந்தேகம். ஆனால் அப்பாவும் இல்லை, மீனும் இல்லை, சாட்சிக்கு மகள் மட்டும்தான்.) அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிரகாசிக்கு நெஞ்சு நொந்துபோனது.

பிறகு தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. தன்னை மறுத்து, சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு பின்னால் வரச்சொன்ன ஆண்டவரைப் பற்றிப் பங்குக் குருவான சுவாமி பேசினார். வருடத்தில் ஒருநாள் தூக்குவது அல்ல, நாள்தோறும் என்று அழுத்திச் சொல்லிவிட்டு, யார் எதை விடப்போகிறீர்கள் என்று கேட்டார். பிரகாசி எழுந்தாள்.

"நான் கதையை விடுறன், சுவாமி."

எங்கள் பக்கத்தில் பேச்சும் கதைதான்; பேச்சை நிறுத்தப்போகிறேன் என்பதுதான் அவள் எண்ணம். கோயிலுக்குள் எல்லோருக்கும் கேட்டது மற்றது. பீடத்தில் நின்ற சுவாமியே புத்தகத்தால் வாயை மறைத்தார். சுகந்தினி கைலேஞ்சியைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.

பிரகாசி உட்கார்ந்து வாயை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

3.

இங்கேதான் என் கஷ்டம் தொடங்குகிறது. ஊரிலேயே நன்றாகப் பேசுகிறவளைக் கதாநாயகியாக்கி வைத்தேன். இரண்டாம் பகுதி முடியமுதல் அவள் ஊமையாகிவிட்டாள். வசனம் எழுதித் தாளை அவள் முன்னால் நீட்டினால், மற்றப் பக்கம் திரும்பிவிடுகிறாள்.

அவள் இரண்டு நாள் தாங்கமாட்டாள் என்றார்கள் பரணடிப் பெண்கள். தாங்கினாள். மீன் வியாபாரியோடு விரலாலும் புருவத்தாலும் தலையாட்டியும் பேரம் பேசி வென்றாள். பக்கத்து வீட்டுக் கோழி அடுப்படிக் குசினிக்குள் வந்தபோதுகூடக் கையைத் தட்டித்தான் துரத்தினாள். மூன்றாம் கிழமை ஞாயிறு, சுவாமியே பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் புகழ்ந்தார். பேர் எல்லோருக்கும் தெரிந்தது. வாயாடி என்று இருந்தவளுக்குப் பக்திக்காரி என்ற பேர் கிடைத்தது. அது அவளுக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஐயம் வந்தது. இந்த மௌனத்தில் ஆண்டவருக்கு எவ்வளவு, மச்சாளுக்கு எவ்வளவு? பேசாமல் இருக்க ஒரு பரிசுத்தமான காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கேட்டுப் பார்த்தேன். அவள்தான் கதைக்கமாட்டாளே.]

4.

பிரகாசியின் தம்பிக்குப் பூவரசங்குளத்தில் மாமனாரின் வயல் கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள். ஒரு காலையில் லொறி வந்தது. அலுமாரி ஏறியது, கதிரைகள் ஏறின. கருவாட்டுப் பரணடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, சுகந்தினி மணலில் நேராகப் பிரகாசியிடம் வந்தாள்.

"மச்சாள், நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். மற்ற நேரமெண்டால் என்னைச் சொல்லி முடிக்க விடமாட்டியள்."

பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். பிரகாசிக்கும் உதடு துடித்தது.

"மாமான்ர மீனைப் பற்றி நான் சொன்னது பிழை. கோயிலுக்கை சிரிச்சதும் பிழை. இன்னும் என்னோட கோவமோ? நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி, கோவம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு போவன்."

பிரகாசி கையிலிருந்த மீனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் இத்தனை நாள் காத்தது போய்விடும். பாஸ்கா வரைக்கும் என்றவள் இடையில் உடைத்துவிட்டாள், கடைசியில் கதைதான் விட்டிருக்கிறாள் என்று இந்தப் பெண்களே நாளைக்குச் சொல்வார்கள். திறக்காவிட்டால் பேர் இருக்கும், மச்சாள் இருக்கமாட்டாள். பேச்சை விடுவது இவ்வளவு சுகமாக இருந்ததே, பேரை விடுவது ஏன் இப்படி நோகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது; ஆனால் பிரசங்கம் வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

5.

முடிவுகள்:

(அ) பிரகாசி இல்லையென்று தலையை ஆட்டினாள். சட்டப்படி மௌனம் உடையவில்லை, கோபமும் தீர்ந்தது. — கெட்டித்தனமான முடிவு. அதனாலேயே வெட்டிவிட்டேன். மீன் வியாபாரியிடம் ஆட்டிய அதே தலை.

(ஆ) இருவரும் கட்டிப்பிடித்து... — அழுகை. மாஸ்டர்.

(இ) அந்த நேரம் பார்த்துச் சுவாமி வந்து, பாதகமில்லைப் பிள்ளை, கதை என்று அனுமதி கொடுத்தார். — எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அப்படியானால் அவள் நல்ல பேரோடு தப்பிவிடுவாள். தப்பிவிட்டால் அங்கே தூக்குவதற்குச் சிலுவை ஒன்றும் இல்லை. சுவாமியை வற்றாப்பளைப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

ஆகவே இப்போது பரணடியில் நேருக்கு நேர் அவர்கள் இரண்டு பேரும்தான். பெண்கள் பிரட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பிரகாசி மீனைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வாயைத் திறந்துவிட்டாள்.

முதல் சொல் என்ன? எத்தனையோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் எழுத்தாளன் சொல்வதாக இருக்கிறது, ஒரு மச்சாள் சொல்வதாக இல்லை. நீங்கள்தான் உதவவேண்டும். நீங்களும் யாரோ ஒருவரோடு கதைக்கிறதில்லை. இல்லையென்று என்னிடம் கதை விடவேண்டாம். அவருக்குச் சொல்ல நினைத்து, உங்கள் பேருக்குப் பயந்து வைத்திருக்கிற முதல் சொல்லைக் கீழே எழுதுங்கள். பிரகாசிக்கு அது அளவாக இருக்கும். எழுதும்போது வாயைத் திறந்து சொல்லியே எழுதுங்கள். லொறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவேண்டும்.

"........................................"