பென்சிலால் இட்ட திகதிகள்

சுவரில் வெடிப்பு ஒன்று நீளும்போதெல்லாம், அதன் நுனியில் குறுக்காக ஒரு சிறு கோடு கீறி, பக்கத்தில் அன்றைய திகதியை எழுதிவைப்பது முனாபின் வழக்கமாகியிருந்தது. நில அளவைக் கந்தோரில் முப்பத்தோராண்டு படம் வரைந்த கை; எழுத்துகள் அச்சில் வார்த்தவை போலிருக்கும். கண்டிக்கு அருகே திகனயில் கட்டிய புதுவீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள். திகதிகள் நாற்பத்து மூன்று.

வீட்டைக் கட்டிக்கொடுத்தவன் மனைவி கைரியாவின் தம்பி றிஸ்வி. காணியின் பின்பாதி, பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பியது. அங்கே பழைய நிலம் தட்டுப்படும்வரை அத்திவாரத்தை இறக்க வேண்டுமென்று முனாப் படத்தில் தெளிவாகக் குறித்திருந்தார். றிஸ்வி மூன்றடியோடு நிறுத்திவிட்டான். மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டுமாம். அதன் பலனாக, பின்னறை மட்டும் வீட்டை விட்டு விலகிப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து, முன்மண்டபத்தையும் குசினியையும்கூட வெடிக்கவைத்துக்கொண்டிருந்தது. அவ்வறையின் மூலை வெடிப்பில் இப்போது ஒரு விரல் நுழையும்.

"பூச்சு வெடிச்சீக்கி மச்சான். புது ஊடுண்டா அப்பிடித்தான்" என்று ஒவ்வொரு முறையும் சாந்து குழைத்துக்கொண்டு வந்து பூசுவான் றிஸ்வி. பூசிய இடத்தின் மேலேயே அடுத்த திகதி எழுதப்படும். அதற்குமேல் வற்புறுத்தினால் கைரியா இரண்டு நாள் பேசமாட்டாள். ஆகவே முனாப் வாதத்தைக் கைவிட்டார்; பென்சிலைக் கைவிடவில்லை.

மகள் பாயிஸா தலைப்பிரசவத்துக்காக வெள்ளிக்கிழமை வரவிருந்தாள். குசினியும் குளியலறையும் அருகில் என்பதால், பின்னறையில்தான் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை நிலம் நடுங்கியது. இரண்டு நொடிதான், அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்து அடங்கின. முனாப் வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் நீண்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை றிஸ்வி சிரித்த முகத்தோடு வந்தான்.

"மச்சான், அல்லாஹ் ஒரு வழி காட்டீட்டான். நெலநடுக்கத்துல வெடிச்ச ஊடுகளப் பதிய நாளக்கி ஆள் வருது. பதிஞ்சா அரசாங்கமே திருத்தித் தரும். செவர்ல எழுதின ஒங்கட இந்தப் பள்ளிக்கூடக் கணக்க மட்டும் அழிச்சிருங்க."

"நெலம் நடுங்கினது சனிக்கிழம. வெடிப்பு நோன்பு மாசத்துலேந்து ஈக்கி."

"அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். செவருக்குத் தெரியுமா?"

"செவருக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிச்சு."

கைரியா தேநீரை வைத்தாள். "அவன்ட பேரும் கெடாது, ஊடும் திருந்தும். இதுல ஒங்களுக்கு என்ன குற?"

"மேல பூசுவாங்க. கீழ அத்திவாரம்?"

எட்டு மாதமாகக் கேட்ட கேள்வி. முனாபுக்கு அலுத்துப்போயிற்று.

"நான் அழிக்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். நீங்களே செல்லிக்கங்க."

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து திரும்பியபோது, முன்மண்டபச் சுவரில் திகதிகள் இல்லை. அவை இருந்த இடங்களில் ஈரத்திட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. குசினியிலும் அப்படியே. வாசற்படியில் வாளியும் அதன் விளிம்பில் பிழிந்த துணியும் கிடந்தன. அவருக்கு வந்தது கோபமன்று, தூக்கம். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்குக் கண்டியிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஞானேஸ்வரி கோப்போடு வந்தார். றிஸ்வி முந்திக்கொண்டு வழிகாட்டினான்.

"இது எப்ப வந்துச்சுங்க?"

"சனிக்கிழம, மிஸ். நடுங்கினதோட."

ஞானேஸ்வரி எழுதிக்கொண்டார். குசினியிலும் அதே கேள்வி, அதே விடை. "பின்னறையும் இப்பிடித்தான் மிஸ், பார்க்கத் தேவல்ல" என்றான் றிஸ்வி.

"இவ்வளவு தூரம் வந்துட்டேன், அதையும் பாத்துட்டே போறேன்."

கதவைத் திறந்ததும், பின்னால் வந்த முனாப் நின்றுவிட்டார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் திகதிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்றின்மேலும் ஈரம் படவில்லை. ஞானேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாக நிதானமாக வாசித்தார்.

"யாரு எழுதினது?"

கதவடியில் நின்ற கைரியாதான் வாய் திறந்தாள்.

"அவர்தான் எழுதினது. எல்லாம் சரியான திகதி. முன்னால ஈந்தத நான்தான் தொடச்சேன்." பிறகு தம்பியைப் பார்த்தாள். "இதத் தொடைக்க ஏலாமப் போச்சு, றிஸ்வி. இங்க எண்ட புள்ள படுக்கப் போறாள்டா."

ஞானேஸ்வரி எழுதியதை ஒரே கோட்டில் வெட்டினார். "லிஸ்ட்ல போட முடியாதுங்க. ஆனா இந்த ரூம்ல யாரையும் படுக்க விடாதீங்க. மழைக்கு முந்தி இத இடிச்சு எடுத்துடணும்." வசிக்கத் தகாதது என்று வேறொரு தாளில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

றிஸ்வி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மூலை வெடிப்புக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான்.

"எங்கேந்து ஒடைக்க, மச்சான்?"

முனாப் கோடு கீறும் நீள அடிமட்டத்தை எடுத்துவந்து, கதிரைமேல் ஏறினார். கைரியா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பின்னறை வீட்டோடு சேரும் இடத்தில், கூரையிலிருந்து தரைவரை ஒரு கோடு இறங்கியது. அதன் அடியில் அவர் அன்றைய திகதியை எழுதினார்.

பிறகு மூவருமாகக் கட்டிலை முன்மண்டபத்துக்குத் தூக்கினார்கள். கதவுநிலை சரிந்திருந்ததால் அது நேராக வெளியே வரவில்லை. பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு தரம் இறக்கிவைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது.