இரைச்சல் இருக்கிறது

1

இந்தக் கதை என் சிடுசிடுப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பழைய நாவல் ஒன்றை ஒலிநூலாக்குகிறார்கள். முதல் அத்தியாயத்தின் பதிவு வந்தது. வாசித்த பெண்ணின் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குரலுக்குப் பின்னால் ஏதோ ‘உய்ய்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. “இரைச்சல் இருக்கிறது” என்று இரண்டே வார்த்தை எழுதித் திருப்பினேன். மறுபடி பதிவுசெய்து அனுப்பினார்கள். மறுபடியும் அதே இரண்டு வார்த்தை.

நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: “வாசிப்பவர் மன்னிப்புக் கேட்கிறார். சத்தம் அவருடைய நாத்தனாரின் கணினி விசிறியாம், இருவருக்கும் ஒரே அறையாம். மூன்றாம் தடவையும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுகிறோம்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த நாத்தனார் என் மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். கணினியில் அவளுக்கு அப்படியென்ன வேலை?

2

முதல் தொடக்கம்: “நாத்தனார் வேண்டுமென்றேதான் கணினியை—”

வேண்டாம். (நாத்தனார் என்றதும் வில்லியாக்கக் கை பரபரக்கிறது. கையைத் தட்டிவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: “நாத்தனாரின் கணினி தொண்ணூற்றிரண்டு டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்க, அறையின் மறுகோடியில் அண்ணி வெளிச்சத்தம் புகாதிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைக்கின் முன்னால் தொண்டையைச் செருமினாள்.” பரவாயில்லை, இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

நாத்தனார் கட்டட வரைபடக்காரி. கட்டப்போகும் வீட்டைக் கட்டி முடித்தது போலவே படமாக்கிக் காட்ட வேண்டும். ஒரு படத்துக்குக் கணினி மணிக்கணக்கில் உழைக்கும். அதில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்திருந்தாள்.*

* செய்து அனுப்பியவர்கள் குறித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவிடுவது. அவள் பேராசைப்படவில்லை, மிதமாகத்தான் முடுக்கினாள். அதற்கே ப்ராசஸரோடு இலவசமாக வந்த குட்டி விசிறிக்கு மூச்சு முட்டியது.

அண்ணிக்குப் பத்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த வேலை இது. இரண்டாம் தடவை பதிவு திரும்பி வந்தபோதும் காரணத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. நாத்தனார்தான் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

“அண்ணி, இது என் மெஷின் சத்தம்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லையா? ஃப்ளைட் கிளம்புற மாதிரி இருக்கு! ஏன் சொல்லல?”

“உன் வேலையில குறுக்க வர நான் யாரு?”

“யாரா? நல்லா கேட்டீங்க போங்க!”

3

இந்தப் பகுதிக்காக இரண்டு நாள், ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர்களைப் பற்றிப் படித்தேன். (வீட்டில் ஆராய்ச்சி என்று சொல்லிவைத்தேன். யாரும் நம்பவில்லை.) படித்ததை எல்லாம் நாத்தனாரின் தலையில் இறக்கிவிடுகிறேன். தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விப்பது அவள் கைக்கு எட்டாது, இந்த முடுக்கலுக்குத் தேவையும் இல்லை. தட்டையான கூலர் மலிவு, ஆனால் விசிறி சின்னது. சின்ன விசிறி வேகமாகச் சுற்றியாக வேண்டும், சுற்றினால் கத்தும். பெரிய விசிறி சாவகாசமாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். கடைசியில் நான்கு செம்புக் குழாய்கள், தகட்டு அடுக்கு, உள்ளங்கையைவிட அகலமான ஒற்றை விசிறி என்று கோபுரம் போன்ற கூலர் ஒன்றில் வந்து நின்றாள்.

“இது தாராளமா போதும்மா, பெருசு எதுக்கு?” என்றார் கடைக்காரர். “ஒசரம் மட்டும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள அடங்குதான்னு பாத்துக்கங்க.”

“அளந்துட்டுத்தான் வந்திருக்கேன். அளக்குறதுதான் என் பொழப்பே.”

வீட்டுக்கு வந்து, ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, கூலரைத் திருகி முடித்தாள். பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை. கூலர் மூன்று மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது.

(வரைபடக்காரி அளவில் தப்புவாளா என்று இந்த இடத்தை அடித்துவிட்டேன். பிறகு ஒரு பொறியாளரிடம் கேட்டேன். “கட்டடப் பரப்புக்குச் சுவரையும் சேர்த்து வெளியிலிருந்து வெளியே அளந்து பழகின கை சார். பெட்டியையும் அப்படியே அளந்திருப்பாங்க. இந்தத் தப்பை அவங்கதான் பண்ணுவாங்க” என்றார். அடித்ததைத் திரும்ப எழுதினேன்.)

“ஊருக்கே வீடு அளந்து குடுக்கறவ, ஒரு பெட்டிய அளக்கத் தெரியல!” அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளின் கண் கலங்கிவிட்டது.

“எனக்கு இந்த வேலை வேணும்மா.”

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பசை தடவிய கூலரைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

4

அண்ணியின் பதிவு நான்கு மணிக்குப் போக வேண்டும். நாத்தனாரின் படம் ஆறு மணிக்கு. இப்போது மணி இரண்டு.

முடிவு அ: நாத்தனார் வேகத்தைப் பழையபடி குறைக்கிறாள். அறை அடங்குகிறது. அவள் படம் ஆறு மணிக்கு முடியாது, வாடிக்கையாளர் போய்விடுகிறார்.

முடிவு ஆ: அண்ணி தன் கம்பளியைக் கணினிக்குப் போர்த்தி— (உள்ளே எல்லாம் வெந்துவிடும். அடித்துவிட்டேன்.)

முடிவு இ: பெட்டியின் கதவு திறந்திருந்தும் புதிய விசிறியின் சத்தம் மைக்குக்கு எட்டவே இல்லை. (நடக்கக்கூடியதுதான். அந்தக் கூலரைப் புகழாதவர் இல்லை.)

இவ்வளவுதான் எழுத முடிந்தது: அண்ணி கம்பளிக்குள் போனாள். நாத்தனார் திறந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். விசைப்பலகையில் எதையோ தட்டினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வேகத்தைக் குறைத்தாளா, படத்தை ஓடவிட்டாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

5

மூன்றாவது பதிவு இன்று காலை வந்துவிட்டது.

ஒலிநூல் வாசிப்பவர்கள் அத்தியாயம் முடிந்ததும் ஐந்து விநாடி பேசாமல் வெற்று அறையைப் பதிவு செய்வார்கள். குரல் ஓடும்போது தப்பிவிடும் இரைச்சல் அங்கே மாட்டிக்கொள்ளும். நேராக அங்கே போக என் விரல் துடித்தது.

கதையில் வரும் இருவரும் நான் இட்டுக்கட்டியவர்கள். ஆனால் நிஜமாகவே ஓர் அண்ணியும் நாத்தனாரும் எங்கோ ஓர் அறையில் என் இரண்டு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பைத் திறக்காமலேயே “நன்றாக இருக்கிறது” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இனி நான் எதைக் கேட்டாலும் யாருக்கும் வேலை போகாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி ஐந்து விநாடிக்குப் போனேன். அங்கே கேட்டது—

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நாத்தனார் என்ன தட்டினாள் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.)