நொண்டிக் கரடி

அந்தப் படத்தை நான் ஐந்து தடவை பார்த்துவிட்டேன். பனிக்காட்டை அளக்கப் போன ஒருத்தி வழி தவறிவிடுகிறாள். பையில் மூன்று தீக்குச்சி, ஒரு காலில் மட்டும் பூட்ஸ், பின்னாலேயே ஒரு கரடி. ஒன்பது நாள். முதல் தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது, எனக்கு மட்டும் பல் கிடுகிடுத்தது.

இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது? வீட்டுக்காரர் கதையின் இரண்டாம் நாளிலேயே கொட்டாவி விட்டுவிட்டார். அண்ணி, நான் போன் பண்ணினாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுகிறாள். நல்லவேளை, நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவர் எழுந்து போக முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான் ஆரம்பித்துவிடுவேன். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்காது. ஆனால் கதை கேட்கும் நோயாளி ஆடாமல் கிடப்பார் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பஸ் டிரைவர் வந்தார். ஆறடி ஆள், மீசையே ஒரு முழம் இருக்கும். கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, மூன்று முறை வரவேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை ஊசியைப் பார்த்ததும் தலைதெறிக்க ஓடியவர்.

"அண்ணா, கண்ணை மூடிக்கோங்க. சுத்தி வெறும் பனி. ஒரு பொண்ணு தனியா நிக்கிறா" என்றேன். ஊசி போட்டதே அவருக்குத் தெரியவில்லை. பல்லைத் தற்காலிகமாக மூடும் நேரம், இரண்டாவது தீக்குச்சி அணைந்த இடத்தில் கதையை நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார், மரத்துப்போன வாயால்.

"அடுத்த செவ்வாய், பதினொரு மணிக்கு."

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கரடியைக் கொண்டுவந்தேன். குட்டியாக இருந்தபோது கண்ணியில் மாட்டிய கால், அதனால் நொண்டி நொண்டித்தான் வரும், ஆனால் விடாமல் வரும் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணா, இதையெல்லாம் பெரிய திரையில பாக்கணும். நான் சொல்றது கால்வாசிகூட இல்ல" என்றுவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமையே போயிடறேன் தங்கச்சி. முடிவை அங்கேயே பாத்துக்கறேன்" என்று உற்சாகமாகக் கிளம்பிப் போனார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். "வலி போயிடுச்சு. முடிவும் தெரிஞ்சிடும். இனிமே அவர் எதுக்கு வருவாரு? பல்லை நிரந்தரமா அடைக்கவே இல்ல. அப்படியே விட்டா மறுபடி சீழ் வைக்கும்."

"வருவாரு டாக்டர்."

"வரலைன்னா, இந்த ரூம்ல இனிமே சினிமாப் பேச்சே கூடாது."

ஒரு மனுஷனின் பல்லையும் கெடுத்து, என் வாயையும் நானே பூட்டிக்கொண்டேன். குழாயைப் பிடித்தபடி நாள் முழுக்க ஊமையாக நிற்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

செவ்வாய் பதினொன்று ஆயிற்று. நாற்காலி காலியாக இருந்தது. பதினொன்றேகால். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. பதினொன்றரைக்குக் கதவு படாரென்று திறந்தது.

"தங்கச்சி, என்னை ஏமாத்திட்டே" என்றார் டிரைவர். முகம் சிவந்திருந்தது. "கரடி நொண்டவே இல்ல."

"நொண்டுது அண்ணா. நான் அஞ்சு தடவை பாத்திருக்கேன்."

"ஒரு இடத்துலகூட இல்ல. நாலு காலும் நல்லாத்தான் இருக்கு. கண்ணி, குட்டி, எதுவும் கிடையாது."

"நீங்க பாப்கார்ன் வாங்க எழுந்து போயிருப்பீங்க."

"இல்ல, நொண்டல" என்றது இன்னொரு குரல். டாக்டரம்மா கருவிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. "நான் எங்கயும் எழுந்து போகல."

டாக்டரம்மா படம் பார்த்தாரா? அதைவிட, நான் ஐந்து தடவை என்னத்தைப் பார்த்தேன்? என் வீட்டுப் பூனைக்குத்தான் பின்னங்கால் நொண்டி. எத்தனையாவது நோயாளிக்குச் சொன்னபோது அது பனிக்காட்டுக்குள் புகுந்ததோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லாரிடமும் கண்ணு மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறேன், அதை நானும் நம்பியிருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். "படத்தோட முடிவுதான் தெரிஞ்சுபோச்சே. உக்காருங்க, பல்லையாவது முடிச்சிடுவோம்."

"அந்தக் கரடியோட முடிவுதான் தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். "நம்ம கரடி என்ன ஆச்சு?" கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஊசி அவர் கையில் அப்படியே நின்றது.

"படத்துல ஆத்து மேல இருந்த ஐஸ் உடைஞ்சு, நடு ஆத்துல விழுந்து செத்துப்போச்சு" என்றார். "இங்க?"

குழாயைக் கையில் எடுத்தேன். "இங்கயும் ஐஸ் உடைஞ்சுது டாக்டர். ஆனா நம்மளது நொண்டிக் கரடியாச்சே, வேகமா ஓடி வரல. அதனால நடு ஆத்துக்கு இன்னும் போய்ச் சேரல. கரையோரத்துலதான் விழுந்துச்சு."

ஊசி இறங்கியது. கரடி தண்ணீருக்குள் தத்தளித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், கடைசித் தீக்குச்சி கையில் இருந்தது. டாக்டரம்மா பல்லை அடைத்தார், மட்டம் பார்த்தார், நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"அடைச்ச இடம் உயரமா இருக்கா?"

டிரைவர் காகிதத்தைக் கடித்தபடியே கையைக் காட்டி நிறுத்தினார். "கரடி கரை ஏறட்டும் டாக்டரம்மா, சொல்றேன்."

வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.