டெஸ்மண்டின் கண்ணாடிக் கூடம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு கூடம் இருக்கிறது. சுவர் கண்ணாடி, கதவு கண்ணாடி, கூரை மட்டும் பிளாஸ்டிக். தெற்குப் பார்த்தது. ஜூலையில் அதற்குள் ரொட்டி சுடலாம், ஜனவரியில் மீன் கெடாமல் வைத்திருக்கலாம். மனுஷர் உட்காரத் தோதான நாட்கள் மே மாதத்தில் கொஞ்சமும் செப்டம்பரில் கொஞ்சமும் உண்டு. அந்த நாட்களில் பார்த்து மழை பெய்யும். மழை விழும்போது கூரை போடுகிற சத்தத்தில் எதிரே இருப்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

கட்டியவன் என் கணவன் டெஸ்மண்ட். காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு இதைக் கட்டினான். சாப்பாட்டு மேசையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டான். மேசை இருந்த இடத்தில் அலமாரி வந்தது. அன்றிலிருந்து விருந்து என்றால் கண்ணாடிக் கூடம்தான். வசந்தம் வந்ததும் ஏணியில் ஏறி ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, இது முழுக்க உடைந்து விழுந்தால் நன்றாக இருக்குமே, ஆனால் அவன் மேல் விழக்கூடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

வந்தவர்கள் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் இங்கிலாந்துக்காரர்கள். வீட்டுக்காரர் மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்வதைவிட அவர் வீட்டு நாற்காலியிலேயே வெந்து சாவோம். "எவ்வளவு வெளிச்சம்! அருமையா இருக்கு!" என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்துத் தெரு மொய்ரா ஒரு ஆகஸ்டில் மயக்கம் போடுகிற நிலைமைக்கு வந்தபோதுகூட, "ஒண்ணுமில்ல, காலைல சரியா சாப்பிடல" என்றாள். நான் மட்டும் யோக்கியமா என்ன? தினமும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு டெஸ்மண்ட்" என்று சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். வெயிலில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னேன். குளிரில் கம்பளித் தொப்பிக்குள் இருந்து சொன்னேன்.

இதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஒரே மகள் டாம்சின் கிறிஸ்துமஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணமான முதல் வருஷம் வந்தாள். அப்புறம், "எம்லினோட அம்மா தனியா இருக்காங்கம்மா, அங்க போறோம்" என்றாள். அடுத்த வருஷமும் அதேதான். எம்லின் வேல்ஸ்காரன், நல்ல பையன். அவன் அம்மா மென்னா விதவை. நியாயம்தான் என்று தலையாட்டினேன். டெஸ்மண்டும் நானும் அந்தப் பெரிய மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து, கோட்டு போட்டுக்கொண்டு, தட்டுக்கு வருமுன்பே ஆறிப்போன வான்கோழியைத் தின்றோம். இந்த வருஷம் மார்ச்சில் டாம்சினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நெஸ்டா என்று பெயர். நெஸ்டாவின் முதல் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் நடக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைத் தவிர வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டில் டெஸ்மண்டின் பிறந்தநாளுக்கு மூன்று பேரும் வந்தார்கள். அன்றைக்கு அடித்த வெயிலை டார்பி ஊரே பேசிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் சிரித்த முகத்தோடு கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான். கேக்கின் மேல் பூசியிருந்த வெண்ணெய் மெதுவாக ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. எம்லின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எப்படி மாப்பிள்ளை, சௌகரியமா இருக்கா?" என்று டெஸ்மண்ட் கேட்டான்.

"பிரமாதம் டெஸ்மண்ட். இந்த மாதிரி வெயில் எங்க பக்கம் கிடைக்கவே கிடைக்காது" என்றான் எம்லின். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. குடித்தும்விட்டான், பாவம்.

டாம்சின் குழந்தைக்குத் துணி மாற்ற எழுந்து போனாள். வந்தாள். மறுபடி துணி மாற்றப் போனாள். மூன்றாம் தடவை அவள் திரும்பி வராததால் நான் பின்னாலேயே போனேன். குளியலறைத் தரையில், குளிர்ந்த ஓட்டின் மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நெஸ்டா வெறும் உடம்போடு கால்களை உதைத்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"சும்மாதாம்மா. இங்க கொஞ்சம் காத்து வருது."

"அங்க வேகுதுன்னு சொல்லு."

"இல்லம்மா, அங்கயும் நல்லாத்தான் இருக்கு."

"டாம்சின், நான் உன்னப் பெத்தவ. இங்க கதவு சாத்தியிருக்கு. யாருக்கும் கேக்காது. சொல்லு."

அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். "அம்மா, அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நான் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கூரையிலேர்ந்து தண்ணி சொட்டிச் சொட்டி எம்லின் புட்டிங்ல விழுந்துச்சு. ஊருக்குப் போய் ஒரு வாரம் ரெண்டு பேரும் காய்ச்சல்ல படுத்தோம். எம்லின் அம்மாவ நான் சாக்கா சொன்னேன்மா. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு டிசம்பர்ல அதுக்குள்ள எப்படிம்மா உக்கார்றது?"

"அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்பா மூஞ்சியப் பாத்தியா நீ? எவ்வளவு ஆசையா கட்டியிருக்காரு! அவர்கிட்ட சொல்லிடாதம்மா. சத்தியமா சொல்லிடாத."

சத்தியம் பண்ணித் தொலைத்தேன். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி ஜாடையில் இறங்கினேன். ஜாடை புரியாத ஆளைக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் நான் பட்டபாடு தெரியும். "வெயில் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றேன். மறுவாரமே கூரைக்கடியில் மடிப்புத் திரைகள் வந்தன. வெயில் உள்ளே வந்தபின் அந்தத் திரைகள் அதை வெளியே போக விடவில்லை. "ராத்திரில சில்லுன்னு இருக்கோ?" என்றேன். பெரிய மின்கணப்பு ஒன்று வந்தது. அதைப் போட்டுவிட்டுக் கெட்டிலையும் போட்டால் வீட்டில் மின்சாரமே போய்விடும். கணப்பா தேநீரா என்றால் இந்த நாட்டில் பதில் ஒன்றுதான். கணப்பு ஒரு மூலைக்குப் போய்விட்டது. அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைத்தேன். பூவும் குளிரில் செத்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாம்சினிடமிருந்து செய்தி வந்தது. இந்த வருஷமும் மென்னா வீட்டுக்கே போவதாகச் சொல்லிவிட்டார்களாம், வருத்தமில்லையே அம்மா, என்று. என் விரல்கள் தாமாகவே, "சேச்சே, வருத்தமா? சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று பதில் அனுப்பிவிட்டன. போனை வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. எனக்கு வந்த கோபம் மகள் மேல் இல்லை, மென்னா மேலும் இல்லை. என் விரல்கள் மேல்தான்.

கண்ணாடிக் கூடத்துக்குப் போனேன். டெஸ்மண்ட் தொப்பியும் கழுத்துத் துணியுமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மூச்சு விட்டால் புகை வந்தது. எங்கள் டார்பியில் பெண்டாட்டியானாலும் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவரானாலும் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை ஒன்றே: வாத்து.

"வா வாத்தே, உக்காரு. இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு" என்றான்.

உட்காரவில்லை. சத்தியத்தைக் காற்றில் விட்டேன்.

"டெஸ்மண்ட், எனக்கு இந்தக் கூடம் பிடிக்கல."

"திரைய இழுத்து விடட்டுமா?"

"திரையில்ல. இந்தக் கூடமே பிடிக்கல. கட்டின நாள்லேர்ந்தே பிடிக்கல. வெயில்ல வேகுறேன், குளிர்ல வெறைக்கிறேன். டாம்சின் கிறிஸ்துமஸுக்கு வராம இருக்கிறது மென்னாவுக்காக இல்ல. இதுக்காகத்தான். நம்ம பேத்தியோட முதல் கிறிஸ்துமஸ் இந்தக் கண்ணாடிப் பெட்டியால போகப்போகுது. நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, எனக்கு இனிமே பொய் சொல்ல முடியாது."

சொல்லி முடித்துவிட்டேன். இந்த மனுஷனின் ஒரே பெருமையை நான் உடைத்துவிட்டேன். டெஸ்மண்ட் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காது."

"ஏவ்ரில், அப்போ நீ எதுக்கு இதக் கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்?"

"மொய்ரா வீட்டுல. அவ புதுசா கண்ணாடிக் கூடம் கட்டினப்போ நம்மளக் கூப்பிட்டாளே. நீ சுத்திப் பாத்துட்டு, 'அய்யோ, எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்'னு சொன்னியே. அதுவரைக்கும் என்கிட்ட நீ எதையுமே கேட்டதில்ல. ரிட்டயர் ஆனதும் முதல் வேலையா உனக்கு அதக் கட்டிக் குடுக்கணும்னு அப்பவே நெனச்சேன்."

"அது மரியாதைக்குச் சொன்னதுடா! அவ கையில கேக்க வச்சுக்கிட்டு நிக்கிறா. வேற என்னத்தச் சொல்றது?"

"எனக்கு என்ன தெரியும்? மரியாதைக்குச் சொன்னியா ஆசையில சொன்னியான்னு நெத்தியில எழுதியா இருக்கு?"

"அப்போ உனக்கு?"

"எனக்கா?" சுற்றும் முற்றும் பார்த்தான், யாரோ கேட்டுவிடுவார்கள் போல. "இது எனக்கு ஆகவே ஆகாது வாத்தே. தினம் காலைல கார் பாக்கப் போறேன்னு போறேனில்ல? கார்ல என்ன இருக்கு பாக்க? உள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு பேப்பர் படிக்கிறேன். இதவிட அங்க கதகதப்பா இருக்கு."

"ஏணியில ஏறி ஏறித் தொடைச்சியே!"

"நீ கீழ நின்னு ஆசையாப் பாத்துக்கிட்டிருந்தியே!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவன் மேசையில் கவிழ்ந்து சிரித்தான். நான் பூந்தொட்டியை நகர்த்திவிட்டு மூலையில் இருந்த கணப்பின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். நடுவில் எனக்கு அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் ஒருத்தருக்காக ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இவ்வளவு பிரியத்தை ஒரு சூடான அறையில் காட்டியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கோட்டுகளுக்கு நடுவில் அது சரியாக வரவில்லை.

உடனே டாம்சினுக்குப் போன் போட்டேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள் டெஸ்மண்ட் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"டாம்சின், கிறிஸ்துமஸுக்கு இங்க வாங்க."

"அப்பா, மென்னாகிட்ட வர்றோம்னு சொல்லிட்டோமே..."

"அவங்களையும் கூட்டிட்டு வா. முன்னறையில சாப்பாடு. சோபாவத் தூக்கி வெளிய போட்டுட்டு மேசைய உள்ள கொண்டு வர்றேன்."

"கண்ணாடிக் கூடத்துல இல்லியா?"

"இல்ல. அந்தச் சனியனுக்குள்ள இனிமே வான்கோழிதான் இருக்கும். அதுவும் சமைக்கிற வரைக்கும்."

டாம்சின் சிரித்தாளா அழுதாளா என்று போனில் பிரிக்க முடியவில்லை. மறுநாள் மென்னாவே கூப்பிட்டாள். இரண்டு வருஷமாகத் தனியே சமைத்து இடுப்பு ஒடிந்துவிட்டதாம். வருகிறோம் என்பவர்களை எப்படி வராதீர்கள் என்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். எங்கள் நாட்டை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

மேசையை முன்னறைக்குள் கொண்டுவருவதற்கு ஒரு கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. கொண்டுவந்த பிறகு அறையில் மேசையைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. சோபா கண்ணாடிக் கூடத்தில் கிடந்தது. அதன் மேல் பியரும் பாலாடைக்கட்டியும் ஹாம் இறைச்சியும் ஐஸ்பெட்டியே தேவைப்படாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கிறிஸ்துமஸ் அன்று உள்ளே போகிற வரிசையை முதலிலேயே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் அவரைத் தாண்டிப் போக முடியாது. கடைசியில் வந்த எம்லினின் நாற்காலி பாதி அறைக்குள்ளும் பாதி நடையிலுமாக இருந்தது. கிறிஸ்துமஸ் விருந்து வழக்கப்படி எல்லோரும் வைத்திருந்த காகிதக் கிரீடங்கள் ஒன்றோடொன்று உரசின. நெஸ்டா தாத்தா மடியில் இருந்துகொண்டு அவன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் கையால் பிசைந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, சூடாக இருந்தாள். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எவ்வளவு சௌகரியமா இருக்கு!" என்றாள் மென்னா. அவள் முழங்கை எம்லின் விலாவுக்குள் இருந்தது.

"மென்னா, இந்த வீட்டுல இப்பல்லாம் உண்மைதான்" என்றான் டெஸ்மண்ட்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆழம் பார்க்கிறவள் மாதிரி மெல்லச் சொன்னாள். "மேசைக்கால் என் முட்டியில இடிக்குது. ரொம்ப நேரமா."

"அம்மா!" என்றான் எம்லின்.

"அதுதான் பேச்சு!" என்று டெஸ்மண்ட் மேசையைத் தட்டினான். கிண்ணத்தில் குழம்பு தளும்பியது. ஆவி பறந்துகொண்டிருந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பினான். கிரீடம் ஒரு காதுக்கு மேல் சரிந்திருந்தது. முகத்தில் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது.

"நீயும் சொல்லு வாத்தே. நெருக்கமா இருக்கா?"

"மூச்சு விட இடமில்ல" என்றேன். "ஒருத்தரும் எந்திரிக்காதீங்க."