ஒன்று நாற்பதா, ஏழு ஐம்பதா?

“குழந்தை எத்தனை மணிக்குப் பொறந்துச்சு?”

டாக்டர் அறிவுமதி இதைக் கேட்பது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கூசாமல் பொய் சொன்னேன். இந்த முறை என் மாமனார் பலராமன் முந்திக்கொண்டார். “ராத்திரி ஒன்னு நாப்பதுங்க. சீட்டுலயே போட்டிருக்கு பாருங்க.”

சீட்டில் போட்டிருந்தது வாஸ்தவம்தான். போடவைத்தவன் நான்.

தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறேன். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் இருபது பக்கம். ஊரார் தலையெழுத்தை அச்சடிக்கிறவனுக்கு மகள் பிறந்தால் கை சும்மா இருக்குமா? கீழ்பென்னாத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் என் மனைவி தென்றலுக்குப் பிரசவம். குழந்தை பிறந்தது காலை ஏழு ஐம்பதுக்கு. செல்போனில் தட்டிப் பார்த்தேன். ஆறு மணிக்கே பூசம் முடிந்து ஆயில்யம் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஆயில்யமா? மாமியாருக்கு ஆகாதும்பாங்களே மாப்ள! நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?” மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருபத்தைந்து வருடம் கழித்து வரப்போகிற அந்தச் சம்பந்தியம்மாள், இப்போது எங்கேயோ காலேஜில் அரியர் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் உயிரைக் காப்பாற்றுவது என்று இரண்டு ஆண்களும் முடிவெடுத்தோம். இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினால் போதும். ஆனால், மாற்றுவதே மாற்றுகிறோம், லக்னத்தையும் குரு பார்க்கட்டுமே என்று தொழில் சுத்தத்தோடு ஒன்று நாற்பதுக்குக் கொண்டுபோனேன். நர்சிங் ஹோமில் பிறப்புச் சீட்டு எழுதிய அம்மா, காபியா டீயா என்பது போல, “டைம் என்னன்னு போடட்டும்?” என்று கேட்டுப் போட்டுக்கொடுத்தார்.

ஒன்பதரை மணிக்குக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டது. பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்ததால், உடனே திருவண்ணாமலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தையல் போட்ட தென்றலை அங்கேயே விட்டுவிட்டு, நானும் மாமனாரும் இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதா என்று பார்க்க, பதினொன்று ஐம்பதுக்கு நர்ஸ் பாஞ்சாலை ரத்தம் எடுத்தார். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கையில் ஊசி. நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்தேன்.

இப்போது ரிசல்ட் டாக்டர் கையில். புரோகால்சிடோனின் என்று ஒரு பெயர். அளவு ஆறு.

“ஆறு ஜாஸ்திங்களா?” என்றார் மாமனார்.

“பெரியவங்களுக்கு ஜாஸ்தி. பொறந்த குழந்தைக்கு முதல் ரெண்டு நாள் இது தானாவே ஏறி இறங்கும். பொறந்து எத்தனை மணி நேரம் ஆச்சுங்கிறதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.” டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளில் விரலை ஓட்டினார். “ஒன்னு நாப்பதுன்னா, ரத்தம் எடுக்கும்போது பத்து மணி நேரம். இதுக்கு ஆறு பரவாயில்லை. கொஞ்சம் மந்தமா இருக்கா, அவ்வளவுதான். இப்ப ஊசி மருந்து வேணாம், நாளைக்குத் திரும்பப் பாக்கலாம்.”

அதே எண், பிறந்த நேரத்தைப் பொறுத்து நல்லது, கெட்டது. அடக் கடவுளே, இந்த அம்மாளும் என் தொழில்தான் செய்கிறார். ஒரே வித்தியாசம், இவர் கட்டம் நிஜம்.

மாமனார் என் காதில், “பாத்தீங்களா, லக்னம் வேலை செய்யுது” என்றார்.

“மேடம், சும்மா ஒரு பேச்சுக்கு... ஏழு ஐம்பதுக்குப் பொறந்த குழந்தைன்னா?” என்று கேட்டேன்.

மாமனார் என் காலை மிதித்தார்.

“நாலு மணி நேரக் குழந்தை. அதுக்கு இருக்கலாம்ங்கிற அளவைப்போல இது மூணு மடங்கு. இந்நேரம் மருந்து ஏறிட்டிருக்கும்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் சார் சும்மா கேக்குறீங்க?”

“எங்க மாப்ள கம்ப்யூட்டர் ஆளுங்க, எதையாவது...”

“மாமா, காலை எடுங்க. மேடம், அவ ஏழு ஐம்பதுக்குத்தான் பொறந்தா. நட்சத்திரம் சரியில்லைன்னு நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. “பாஞ்சாலை, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாட்டிக் போடுங்க” என்று எழுந்தவர் கதவருகே திரும்பினார். “எடையாவது நிஜமா? இல்ல அதுக்கும் ராசி பாத்தீங்களா?”

“எடை நிஜம் மேடம்.”

பாஞ்சாலை ஊசியோடு என்னைக் கடந்தார். “ஜாதகக்காரரே, கொஞ்சம் நகருங்க.”

தென்றலிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அவ பொழைச்சு வரட்டும், உங்களை வெச்சுக்குறேன்” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் மாமனாரும் நானும் ஒரே பெஞ்சில். அவருக்கு என் மேல் கோபம், எனக்கு அவர் மேல், இரண்டு பேருக்கும் என் செல்போன் மேல். ரத்தத்தில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் அந்தக் கல்ச்சரில் கிருமி உறுதியானது. நல்ல வேளை, போட்ட மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி.

மூன்றாம் நாள் மாலை உள்ளேயிருந்து ஒரு கத்தல். பாஞ்சாலை எட்டிப் பார்த்தார். “உங்க பொண்ணுதான். பாலுக்கு இப்படியா கத்துவா! பாலாடைக் கிண்ணம் காலி, இன்னும் கேக்குறா.”

மாமனார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறு இருபது. எழுதி வெச்சுக்குங்க மாப்ள,” என்றார். “ஒரு நிமிஷம் முன்ன பின்ன போட்டீங்க, நடக்குறதே வேற.”