இரண்டு உதை

பிணத்தின் இடது காலுக்குப் புது ஷூவை அண்ணன் மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்: செத்தவனின் மனைவி, சவப்பெட்டி கொண்டுவந்த ஆள், இருபத்திரண்டு வருடம் அவனுடைய கிதாருக்கு டிரம்ஸ் வாசித்த கூட்டாளி, யாரும் கூப்பிடாமல் வந்து நின்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர். படுத்திருந்தவன் தம்பி.

கறுப்புத் தோல் ஷூ. அண்ணனே கடைக்குப் போய் வாங்கியது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எலெக்ட்ரிகல் லைன்ல இருக்கான்" என்றே சொல்லிவந்தார். கிதாரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆகவே அது பொய்யில்லை. இன்றைக்காவது அவன் குடும்பத்துப் பிள்ளையாகப் போகட்டும்.

"அண்ணே, அது அவன் ஷூ இல்ல," என்றான் கூட்டாளி.

"தெரியும்."

கூட்டாளி பையிலிருந்து பழைய ஷூவை எடுத்தான். வலது குதிகால் தேய்ந்த இடத்தில் மரக்கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. ஊறிய வியர்வை நாற்றம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்தக் காலால்தான் தம்பி தரையை இரண்டு தரம் உதைப்பான். இரண்டாவது உதையில் டிரம்ஸ் தொடங்கும். மாடி அறையில் அவனும் கூட்டாளியும் வாசித்துப் பழகிய காலத்தில், கீழே அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் காரை உதிர்ந்தது. "ரெண்டே பேர் சேந்தா அதுக்குப் பேர் பேண்டா? சண்டை," என்று அப்பா தட்டை நகர்த்தினார். மறுவாரம் இருவரும் பழைய வேன் ஒன்றில் கிளம்பிப் போனார்கள். ஏழு ஆல்பம். ஏழையும் அந்த வேனில் வைத்துத் தாங்களே விற்றார்கள்.

கம்பெனிக்காரர் நெருங்கிவந்தார். அவருடைய சென்ட் பிண வாடையோடு கலந்து அறையை இன்னும் மோசமாக்கியது.

"சார், அந்தப் பழசையே போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ரசிகருங்க உருகிடுவாங்க. அவரு எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி."

"மூணாவதா ஒருத்தன பேஸ் கிதார் வாசிக்கச் சேத்தாத்தான் ஆல்பம் போடுவோம்னது நீங்கதான," என்றான் கூட்டாளி. "ரெண்டு பேருதான்னு சொன்னதும் கதவைச் சாத்துனீங்க. அன்னைக்கு எந்த வீட்டுப் பிள்ளை?"

கம்பெனிக்காரர் சிரித்தார். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தார். பிறகு நனையாத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றி, தம்பியின் வெறும் வலது பாதத்தை அதே கையால் தடவிக்கொடுத்தார்.

இவனுக்கும் தனக்கும் வேண்டியிருப்பது ஒன்றே என்று அண்ணனுக்குப் பட்டது: பார்வைக்கு ஏற்ற ஒரு பிணம்.

"கையை எடுய்யா," என்றார். "எங்க வீட்டுப் பிள்ளை எங்க வீட்லயே இருக்கான். நீ வெளிய போ."

போனார். சென்ட் வாசனை போகவில்லை.

தம்பியின் மனைவி, "மாமா, நேரமாச்சு," என்றாள்.

அண்ணன் கூட்டாளியிடம் கை நீட்டினார். "வலதுதான?"

"வலதுதான்ணே."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பழைய ஷூவைக் கம்பெனிக்காரர் வாங்கிப்போய்க் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். தவறு. அது தம்பியின் வலது காலில் போயிற்று. இடது காலில் அண்ணன் வாங்கிய புது ஷூ.