பதினான்கு அளவு எழுத்து

வக்கீல் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். எழுபது வயது வக்கீல்கூட, "அண்ணி, அந்த மனு ரெடியா?" என்றுதான் கேட்பார். எல்லாம் அவளுடைய நாத்தனாரின் வேலை. கணவரின் தங்கையான அவள்தான் இங்கே முதலில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அண்ணியையும் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் படியேறி வரும் கட்சிக்காரர்களுக்கும் அந்தப் பெயரே வாயில் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் கல்யாணமாகிக் கடல் கடந்து போய்ப் பதினோரு வருஷமாகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை. பழையதை முடுக்கிவிட்டு, ஒரு தேநீர் குடித்து, தம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். புதியது கண்மூடித் திறப்பதற்குள் தயாராக நின்றது. அண்ணிக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே மூன்று மனுக்களை அடித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றும் திரும்பி வந்தன. முதல் பக்கத்து ஓரத்தில் நீதிமன்ற அலுவலர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: எழுத்து அளவு பதினான்கு இருக்க வேண்டும், வரி இடைவெளி ஒன்றரை இருக்க வேண்டும்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அடித்த மனு ஒன்றுகூட இதற்காகத் திரும்பியதில்லை. வக்கீல் மூன்றையும் புரட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

அளவை மாற்றி மறுபடி அடித்தாள். அடுத்த மனுவுக்குப் புதுப் பக்கத்தைத் திறந்தால் எழுத்து பழையபடி பதினொன்றுக்குப் போய் ஒல்லியாக நின்றது. மாற்றினாள். அடுத்ததிலும் அதே கதை. பொறுமை போய்க் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தாள்.

"அது டிஃபால்ட்டுங்க. மெஷின் வரும்போதே அப்படித்தான் வரும்," என்றார் அவர்.

"பழசு அப்படி இல்லையே? திறந்தாலே பதினாலுதான் வரும்."

"யாராவது மாத்தி வெச்சிருப்பாங்க. ஒரு தடவ சரியா மாத்திட்டா அது பாட்டுக்கு நிக்கும். பழைய மெஷின நான் வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கறேன்."

யாராவது என்றால் யார்? அந்த இயந்திரத்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர். அது பிறவியிலேயே அப்படி என்றுதான் அண்ணி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

மதியம் வக்கீல் கண்ணயரும் நேரத்தில், கட்டுக்கட்டாகக் கோப்புகள் அடுக்கிய பின்னறைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தாள். எழுத்து, அளவு, இடைவெளி எல்லாம் அமைத்துப் பெயரிட்டு வைத்த வகைகளின் பட்டியல் ஒன்று திரையின் வலப்பக்கம் உண்டு. அதில் தன் அன்றாட வேலைக்குத் தேவையான இரண்டைத் தவிர, ஒரே ஒரு தடவை போக, அவள் வேறெதையும் தொட்டதில்லை. இன்றைக்குத்தான் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

அண்ணி-மனு. அண்ணி-பிரமாணம். அடுத்தது பெரியவர்-கோபம். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வக்கீல் ஆத்திரத்தில் சொல்லும் கடிதங்களுக்கு நாத்தனார் வரிக்கு வரி இரண்டு விரல்கடை இடம் விடுவாள். சாயங்காலம் கோபம் தணிந்ததும் அவரே பாதியைக் கோடு போட்டு அடித்துத் திருத்துவார், அதற்கு இடம் வேண்டுமே. அந்த நாட்களில் இருவரும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பாதியில் விட்ட வாக்கியத்தை மற்றவள் முடிப்பாள். வீட்டுக்குப் போகும் பேருந்திலும் பேச்சு தீராது. "இன்னும் என்னதான்டி இருக்கு பேச?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

பட்டியலின் கடைசியில் 'அறிவிப்பு' என்று இருந்தது. அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன் மாமனார் இறந்தபோது, துக்கச் செய்தியை அட்டையில் அடித்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வீடு நிறைய ஆட்கள், அழுது வீங்கிய கண்கள். அலுவலகத்துக்கு ஓடிவந்து நாலு வரி அடித்து, 'அறிவிப்பு' என்ற வகையை அழுத்தி, திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லாமல் இருநூறு பிரதி எடுத்துவிட்டாள். எல்லாம் நெளிநெளியான அலங்கார எழுத்து, சுற்றிலும் இரட்டை அலைக்கோடு. விமானத்திலிருந்து இறங்கி வந்த நாத்தனார் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் நடுவில் சொன்னாள்: "எங்க அப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கீங்களே அண்ணி."

கை தவறி வேறெதையோ அழுத்திவிட்டோம் என்று நினைத்து அண்ணி தலைகுனிந்தாள். அன்றோடு பேச்சு அற்றுப்போகவில்லை, சுருங்கிப்போனது. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம், போனை அண்ணன்கிட்ட குடுக்கறேன்.

இப்போது அவள் வெற்றுத் தாளில் ஒரு வரி அடித்து 'அறிவிப்பு' என்பதை அழுத்தினாள். நெளிநெளி எழுத்து, அலைக்கோடு. கை தவறவில்லை. அன்றைக்கு அவள் அழுத்தியது சரியான வகைதான். அந்த வகையே அப்படி இருந்திருக்கிறது.

போனை எடுத்தாள். அங்கே காலை நேரம். மணியடித்ததும் நாத்தனார் எடுத்துவிட்டாள்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான் ஒரு ஃபான்ட் சந்தேகம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு சிரிப்பு. மனுக்கள் திரும்பி வந்த விஷயத்தை மட்டும் அண்ணி சொன்னாள்.

"நான்தான் மாத்தி வெச்சேன்," என்றாள் நாத்தனார். "குழந்தை பிறந்தப்புறம் உங்களுக்குக் கண்ணு சரியா தெரியல. கண்ணாடி போட்டா கிழவியாயிடுவேன்னு ஒரே அடம். திரையில மூக்கு இடிக்கற மாதிரி உக்காந்து அடிப்பீங்க. பார்க்கச் சகிக்காம பதினாலு ஆக்கினேன். கோர்ட்டு பதினாலு கேக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா, என் கண்ணுக்கு என்னடி குறைன்னு சண்டைக்கு வருவீங்க."

அது உண்மைதான். அந்த அமைப்புகளெல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன என்றும், அதை எடுத்துப் புதியதில் அதே இடத்தில் வைத்தால் போதும் என்றும் நாத்தனார் படிப்படியாகச் சொன்னாள். அண்ணி கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். புதியதைத் திறந்ததும் எழுத்து பதினான்கில், ஒன்றரை இடைவெளியில் வந்து நின்றது.

"பட்டியல் முழுசா வந்திருக்கா பாருங்க. படிங்க."

அண்ணி படித்தாள். கடைசியில் 'அறிவிப்பு' என்றும் படித்தாள். அது எப்படி வருகிறது என்பதை மறைக்கலாமா என்று நினைத்தாள். கை தன்னால் அதை அழுத்திவிட்டது.

"அது எப்படி வருது அண்ணி?"

"நெளிநெளியா வருது. சுத்தி அலைக்கோடு."

நாத்தனார் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னாள்; மறுபடியும் அதேதான் வந்தது. "என் கல்யாணப் பத்திரிகைக்கு நான் மாத்தினது," என்றாள் கடைசியில். "இனிமே எல்லா அறிவிப்புக்கும் இப்படியேவான்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். ஆமான்னு போட்டுட்டேன் போல. கல்யாண அவசரம். அப்பாவோட அட்டைக்கு நீங்க சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க."

"இப்ப அதுக்கு என்ன? விடு."

"எல்லார் முன்னாடியும் சொன்னேனே அண்ணி. நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலையே."

"எனக்கே தெரியாதேடி. என் கை தப்புன்னுதான் நானும் நினைச்சேன்."

இருவரும் அழுதார்களா என்றால், கொஞ்சம் அழுதார்கள். பிறகு பெரியவர்-கோபத்தைப் பற்றிப் பேச்சு போய்ச் சிரிப்பாக முடிந்தது. சிரிப்புச் சத்தத்தில் வக்கீல் விழித்துக்கொண்டு, மனு என்னாயிற்று என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். நாத்தனார் அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்று அண்ணி போனை அந்தப் பக்கம் நீட்டினாள்.

புதன்கிழமை மூன்று மனுக்களையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு எண் கொடுத்தது. 'அறிவிப்பு' வகையை அண்ணி அழிக்கவில்லை. அது நாத்தனாரின் கல்யாணத்துக்குச் செய்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று, பக்கத்திலேயே சாதாரணமாக இன்னொன்றைத் தானே அமைத்துக்கொண்டாள்.

அன்று மாலையும் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. வீட்டில் அவள் கணவர் கையை நீட்டிக் காத்திருந்தார். போன் அவர் கைக்கு வரவேயில்லை.

"அவ்வளவு நேரம் அவகூட என்ன பேசின?" என்று கடைசியில் கேட்டார்.

"ஃபான்ட் பத்தி."

"ஒன்றரை மணி நேரமா?"

"வரி இடைவெளி பத்தியும் கொஞ்சம்," என்றாள் அண்ணி.